பம்பருக்கு ஒரு நீதி, கழுத்துக்கு ஒரு நீதி

காலி வீதியில் மாலை ஐந்தரை மணிக்கு வெள்ளவத்தையைக் கடந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே விபத்து என்பது பெரும்பாலும் பின்னாலிருந்து விழும் ஒரு தட்டு. 100 ஆம் இலக்க பஸ் ஆளேற்ற நிற்கிறது, அதன் பின்னால் வந்த கார் நிற்கிறது, அதற்கும் பின்னால் வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி உடையவில்லை, இரத்தம் இல்லை. இருவரும் இறங்கி முதலில் பார்ப்பது பம்பரை. காப்புறுதிக் கம்பனிக்கு அழைப்புப் போகிறது. மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்து நாலு படம் எடுக்கிறார். சேதம் சிறிதென்றால் வீதியோரத்திலேயே தொகை பேசி முடிகிறது. 'ஒன் த ஸ்பொட்' என்று விளம்பரங்கள் பெருமைப்படுவது வீண் பெருமை அல்ல. கொழும்பில் இவ்வளவு வேகமாக நடக்கும் அலுவல் வேறு அதிகமில்லை. ஆனால் அந்த நாலு படத்திலும் கழுத்து விழுவதில்லை. விழுந்தாலும் காட்ட ஒன்றுமிருக்காது. கழுத்து அநேகமாக மறுநாள் காலையில்தான் வலிக்கத் தொடங்குகிறது.

தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. ரிவேர்ஸ் எடுக்கத் திரும்ப முடியவில்லை. பிடரியில் ஆரம்பித்து நெற்றிவரை ஒரு தலையிடி. இதற்கு வெள்ளவத்தையில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். வீட்டுப் பெரியவர்களுடையது முதலாவது: சுளுக்கு, சித்தாலேப பூசிச் சூடு காட்டினால் போய்விடும், இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா? மற்றது லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் வரும்: "மாமா, இது விப்லாஷ். இஞ்சையெண்டால் கிளெய்ம் பண்ணலாம்." முதலாவது தீர்ப்பு இதைக் காயமாகவே ஏற்பதில்லை. இரண்டாவது இதைக் காசாக மாற்றக்கூடிய காயமாக மட்டும் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில், கழுத்தைத் திருப்ப முடியாத ஒரு மனிதர் ஓட்டோ ஓட்டவோ கடை திறக்கவோ வேண்டியிருக்கிறது.

மருத்துவ உலகிலும் இந்தச் சண்டை நெடுங்காலமாக நடக்கிறது. எலும்பு முறியாத, படத்தில் தெரியாத, நோயாளியின் வாய்ச்சொல்லில் மட்டும் நிற்கும் வலி உண்மையான காயமா, நட்டஈட்டு முறை பெற்றெடுத்த பிள்ளையா? இந்தக் கேள்வியைக் கொழும்பில் வைத்து எடைபோடுவதில் ஒரு வசதி உண்டு. சிறு கழுத்துக் காயத்துக்கு இங்கே யாரும் காசோலையை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே சாட்சியங்களை ஆசையில்லாமல் பார்க்கலாம்.

முதலில் கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்பது. பின்னாலிருந்து இடிபட்டால் தலை பின்னால் போய் முன்னால் வருகிறது, அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1997 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கிறவர், பஞ்சாபி ஆகியோரின் குழு இறந்தவர்களின் கழுத்து முள்ளெலும்புகளில் சோதித்து இந்தப் படத்தைத் திருத்தியது. 1999 இல் ஜப்பானில் கனேயோகா உயிருள்ள தொண்டர்களை ஓடும் எக்ஸ்ரேயில் பதிவுசெய்து அதையே கண்டார். இருக்கை முதுகைத் தள்ளுகிறது. நெஞ்சு முன்னே போகிறது. தலை இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அந்தக் கணத்தில் கழுத்தின் கீழ் எலும்புகள் பின்னோக்கியும் மேல் எலும்புகள் முன்னோக்கியும் வளைந்து, கழுத்து 'எஸ்' எழுத்தைப் போல் நெளிகிறது. இடித்துப் பத்தில் ஒரு செக்கன் அளவில் இது நடந்துவிடுகிறது. தசைகள் சுதாரித்து முழுப் பலத்தோடு இறுகுவதற்கு அந்த நேரம் போதாது. முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் ஒன்றோடொன்று பொருத்தும் சிறு மூட்டுகள் நசுங்குகின்றன, அவற்றின் உறை இழுபடுகிறது.

இது காயம் ஏற்பட வழி உண்டு என்பதற்குச் சாட்சி. ஏற்பட்டது என்பதற்கு அல்ல. கனேயோகாவின் தொண்டர்கள் மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் இடிபட்டுவிட்டு நலமாக வீடு போனவர்கள். எதிர்த்தரப்பு எப்போதும் தூக்கிப் பிடிப்பது இதைத்தான்: மெதுவேகச் சோதனைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை, நொந்தவர்களுக்கும் சில நாளில் சரியாகிவிட்டது. சரி. ஆனால் அந்தத் தொண்டர்கள் ஆரோக்கியமானவர்கள், தெரிவுசெய்யப்பட்டவர்கள், நேராக உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பின் இருக்கைப் பிள்ளையைத் திட்டக் கழுத்தைத் திருப்பியிருந்த ஐம்பத்தைந்து வயது அம்மா அந்தச் சோதனை எதிலும் இல்லை.

இனி பம்பர். அடி எவ்வளவு என்று கொழும்பு நம்பும் முதல் அளவுகோல் இதுதான். பொலிஸ், காப்புறுதி, பார்த்துக்கொண்டு நிற்கும் சனம், எல்லோரும் தகட்டைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறார்கள். இது மோசமான அளவுகோல். மெல்லிய இடியில் நெளியாமல் இருப்பதற்கென்றே பம்பர் செய்யப்பட்டிருக்கிறது. தகடு நெளியும்போது இடியின் சக்தியில் ஒரு பகுதி அதிலேயே தீர்ந்துபோகிறது. நெளியாத வண்டி அதே இடியைக் குறுகிய நேரத்தில் முழுதாக இருக்கைக்கு அனுப்புகிறது. பம்பரில் கீறல்கூட இல்லை என்பதால் கழுத்தில் ஒன்றுமில்லை என்ற வாதம் இதனால் விழுகிறது. பம்பர் நொறுங்கியதால் கழுத்தும் நொறுங்கியிருக்கும் என்ற வாதமும் அதே காரணத்தால் விழுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

உண்மையில் கணக்கில் வருவது, இடிபட்ட வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று மாறியது என்பது. இங்கே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வித்தியாசம் இருக்கிறது. காலி வீதியில் காரைக் கார் 20 கிலோமீற்றர் வேகத்தில் இடித்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை என்பதால், வேகம் இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. முன் கார் பெறுவது ஏறக்குறையப் பாதி, துள்ளலைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லொறிகளும் ஜம்பட்டா வீதி ஓட்டோக்களும் ஒரே நெரிசலில் ஊர்கின்றன. ஆளில்லாத ஓட்டோவின் எடை 400 கிலோவுக்கும் குறைவு. பாரம் ஏற்றிய லொறியினுடையது பல தொன். அதே 20 கிலோமீற்றர் இடியில் லொறி தன் வேகத்தை இழப்பதேயில்லை எனலாம். ஓட்டோ கிட்டத்தட்ட முழு 20 ஐயும் வாங்கிக்கொள்கிறது. லொறிச் சாரதி "சும்மா தொட்டதுதான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தொடல்தான்.

ஓட்டோவின் இருக்கையைப் பாருங்கள். சாரதிக்கு முதுகின் பாதிவரை ஒரு சாய்மானம், தலைக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருப்பவருக்கும் தோள் மட்டத்தோடு மெத்தை முடிந்து, அதற்கு மேல் றெக்சீன் கூரையும் இரும்புக் கம்பியும், பாட்டுப் பிரியரின் வண்டியென்றால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். காரில் தலைசாய்வு இருக்கிறது, ஆனால் பலர் அதை வாங்கிய நாளில் இருந்த உயரத்திலேயே, அதாவது அடிமட்டத்திலேயே, விட்டுவிடுகிறார்கள். சிலர் அதன் பொலித்தீனைக்கூடக் கழற்றுவதில்லை. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்திலும், தலைக்கும் அதற்கும் இடைவெளி சில விரல் அகலத்துக்கு உள்ளேயும் இருந்தால்தான் அது வேலை செய்யும். கழுத்தின் நடுவில் நிற்கும் சாய்வு, தலை பின்னால் மடியத் தாங்குகோலாக உதவும்.

இருக்கையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பலமாகத் தெரியும் சாட்சி அதில்தான் இருக்கிறது. 1997 இல் சாப் நிறுவனமும் 1998 இல் வொல்வோ நிறுவனமும், இடிபடும்போது தலையை நோக்கித் தானே நகரும் சாய்வையும், பின்னோக்கி விட்டுக்கொடுக்கும் இருக்கையையும் கொண்டுவந்தன. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் வீதிப் பாதுகாப்பு நிறுவகம் 2003 இல் கோரிக்கைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இத்தகைய தலைசாய்வு உள்ள கார்களில் கழுத்துக் காயக் கோரிக்கைகள் கணிசமாகக் குறைந்திருந்தன. அதே நாடு, அதே வழக்கறிஞர்கள், அதே ஆசை. மாறியது இருக்கை மட்டும். வலி முழுக்க முழுக்கப் பேராசையின் பிள்ளையென்றால், ஒரு தலைசாய்வு அதை எப்படிக் குறைக்கும்?

இரண்டாவது அளவுகோல் எக்ஸ்ரே. தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவிலோ களுபோவிலையிலோ கழுத்துப் படம் எடுத்து, "எலும்பில் ஒன்றுமில்லை" என்று கேட்டதும், நோயாளியின் வீட்டாருக்கு அது 'ஒன்றுமில்லை' என்று சுருங்கிவிடுகிறது. டொக்டர் சொன்னது அதுவல்ல. 1995 இல் கியூபெக் பணிக்குழு இந்தக் காயங்களை வகைப்படுத்தியபோது, நாலாம் தரத்தில்தான் முறிவும் மூட்டு விலகலும் வருகின்றன. மூன்றாம் தரத்தில் நரம்புக் குறிகள். பெரும்பாலோர் அடங்கும் முதல் இரண்டு தரங்களில், அதாவது வெறும் வலியும் இறுக்கமும், அல்லது அவற்றோடு அசைவுக் குறைவும் தொட்டால் நோவும் இருப்பவர்களில், எக்ஸ்ரேயில் காயம் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் வழக்கமாகத் தெரிவது வயதோடு வந்த தேய்மானம். அது கழுத்தே வலிக்காதவர்களிடமும் தாராளமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அந்தத் தேய்மானத்தைக் கண்டுபிடித்து, அதையே விபத்தின் மேல் போடுவதும் நடக்கிறது. இதுவும் தவறான தீர்ப்புத்தான், எதிர்ப்பக்கத்துத் தவறு.

படம் காட்டாததை அவுஸ்திரேலியாவின் நியூகாஸிலில் நிக்கோலாய் பொக்டக்கின் குழு ஊசியால் தேடியது. முன்சொன்ன சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்து, இடையில் மருந்தில்லாத ஊசியும் போட்டு, நோயாளிக்கு எது எதுவென்று தெரியாமல் சோதித்தார்கள். நாட்பட்ட வலியோடு வந்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கு வலி அந்த மூட்டுகளிலிருந்தே வந்தது. 1996 இல் அதே குழு 24 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அந்த நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்தது. மறுபகுதியினருக்கு ஊசி ஏறியது, வெப்பம் ஏறவில்லை. பழைய வலியில் பாதியாவது திரும்பி வர, உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு எடுத்த இடைநிலைக் காலம் 263 நாள். பொய்ச் சிகிச்சைக்கு 8 நாள். வழக்குக்காக நடிப்பவருக்கு எந்த ஊசியில் வெப்பம் இருந்தது என்று எப்படித் தெரியும்? வலி போனவர்களின் மனச்சோர்வும் கூடவே நீங்கியது என்று அடுத்த ஆண்டில் காட்டினார்கள். மனம் நொந்ததால் கழுத்து வலிக்கிறது என்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு. குறையையும் சொல்லிவிட வேண்டும். இவை சிறிய ஆய்வுகள்; ஆராயப்பட்டவர்கள் நிபுணரைத் தேடி வந்த நாட்பட்ட நோயாளிகள். காலி வீதியில் தட்டுப்பட்ட எல்லாக் கழுத்துக்கும் அந்த 60 சதவீதத்தைப் பூச முடியாது.

இப்போது எதிர்த்தரப்பு. அவர்களிடமும் கனமான சாட்சிகள் உண்டு, லேசாகத் தட்டிவிடக்கூடியவை அல்ல.

சந்தேகம் காரைவிட மூத்தது. 1866 இல் லண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன், ரயில் விபத்தில் வெளிக்காயமின்றித் தப்பியவர்களின் முதுகு நோவைப் பற்றி விரிவுரை செய்து வெளியிட்டார். நீதிமன்றங்களில் ரயில் கம்பனிகள் காசு கட்டின. 1883 இல் ஹேர்பேர்ட் பேஜ் அதை மறுத்து, பயமும் நட்டஈட்டு எதிர்பார்ப்பும்தான் காரணம் என்று எழுதினார். பேஜ் ஒரு ரயில் கம்பனியின் மருத்துவர். யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு ஆய்வைப் படிக்கும் பழக்கம் இந்தத் துறையில் அன்றிலிருந்தே தேவைப்பட்டிருக்கிறது.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணம் 1995 ஜனவரி முதலாம் திகதி, வலிக்கும் வேதனைக்கும் வழக்குப் போடும் முறையை நிறுத்தி, யார் பிழையென்று கேளாமல் சிகிச்சைச் செலவை வழங்கும் முறைக்கு மாறியது. கசிடி குழு 2000 இல் வெளியிட்ட கணக்கின்படி, கோரிக்கைகள் ஒரு லட்சம் பேருக்கு 417 இலிருந்து 300 அளவுக்கு இறங்கின. கோரிக்கை முடிவடைய எடுத்த இடைநிலைக் காலம் 433 நாளிலிருந்து 200 நாள் அளவுக்குக் குறைந்தது. இந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது அந்த மாகாணத்தின் அரச காப்புறுதி நிறுவனம் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதனால் எண்கள் பொய்யாகிவிடாது. புதிய முறையில் பிழை செய்த சாரதியும் கோரலாம் என்பதால் எண்ணிக்கை கூடியிருக்கத்தான் வேண்டும், குறைந்திருக்கிறது. அப்படியும், கோரிக்கை கால்வாசிக்குச் சற்று மேல் சுருங்கியதே தவிர மறையவில்லை. வழக்குப் போட முடியாத ஊரிலும் ஆறு மாதத்தில் லட்சத்துக்கு 300 பேர் அளவில் கழுத்து வலியோடு வந்தார்கள்.

ஜேர்மனியில் 2001 இல் வெளியான ஒரு சோதனை குறும்பானது. 51 தொண்டர்களைக் காரில் இருத்தி, பிரேக் கீச்சலும் கண்ணாடி நொறுங்கும் சத்தமும் கேட்கச் செய்து, இடித்ததாக நம்பவைத்தார்கள். உண்மையில் இடி எதுவுமில்லை. மூன்று நாளில் ஒன்பது பேர், நாலு வாரத்துக்குள் பத்துப் பேர் நோவு சொன்னார்கள். ஐந்தில் ஒருவர்! எதிர்பார்ப்பே வலியைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் யாரும் தட்டாத நாலு வாரத்தில் ஐம்பது பேரில் சிலருக்குக் கழுத்தோ தலையோ எப்படியும் நோகத்தானே செய்யும் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

கொழும்புக்கு மிக நெருங்கிய சாட்சி லித்துவேனியாவிலிருந்து வருகிறது. காப்புறுதி காசு தராத, விப்லாஷ் என்ற பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்காத சமூகத்தில் இந்தக் கழுத்துகளுக்கு என்ன ஆகும்? நோர்வேயைச் சேர்ந்த ஷ்ரேடரின் குழு, கவுனாஸ் நகரப் பொலிஸ் பதிவேடுகளிலிருந்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்னாலிருந்து இடிபட்ட 202 சாரதிகளைத் தேடிப் பிடித்தது. அவர்களில் கழுத்து வலி இருப்பதாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். விபத்துக்குள்ளாகாத ஒப்பீட்டுக் குழுவில் 33 சதவீதம். வித்தியாசமில்லை. விபத்தால் முடங்கிப்போனவர் ஒருவருமில்லை. 1996 இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டதிலிருந்து காப்புறுதித் தரப்பு வழக்கறிஞர்களுக்கு இது வேதவாக்கு.

ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்த 202 பேரில் விபத்தை ஒட்டிக் கழுத்து வலித்ததாக நினைவுகூர்ந்தவர்கள் 31 பேர் மட்டும். வலித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அது நிலைத்தது என்றே வைத்துக்கொள்வோம்: மூன்று பேர். ஏற்கெனவே மூன்றில் ஒருவருக்குக் கழுத்து வலிக்கும் ஊரில், 202 பேருக்குள் அந்த மூன்று பேரை எந்தப் புள்ளிவிபரமும் பிரித்துக் காட்டாது. அத்தோடு அந்தச் சாரதிகளில் 157 பேர் ஆண்கள். இந்தக் காயம் அதிகம் வருவது பெண்களுக்கு. இந்த ஆய்வை மட்டும் வைத்து ஒருவர் கழுத்து வலியைத் தள்ளுபடி செய்தால், அந்தத் தள்ளுபடியைத் தள்ளுபடி செய்யலாம்.

அங்கேயே நிறுத்துவதும் நேர்மையல்ல. அதே குழு 1999 இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இந்த முறை விபத்து நடந்த உடனேயே 210 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 47 சதவீதத்தினருக்குத் தொடக்க வலி இருந்தது. ஏறத்தாழ நூறு பேர். அவர்களில் மிக நீண்ட கழுத்து வலி 17 நாளில் முடிந்தது. ஓராண்டின் பின் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை. 31 பேர் என்ற ஆட்சேபம் இதன்மேல் எடுபடாது.

அப்படியானால் 2008 இல் ஒரு சர்வதேசப் பணிக்குழு உலக ஆய்வுகளைத் தொகுத்து, காயம்பட்டோரில் சுமார் பாதிப்பேர் ஓராண்டின் பின்னும் கழுத்து வலி சொல்கிறார்கள் என்று எழுதியதே? இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? லித்துவேனியாவின் ஒப்பீட்டுக் குழுவே இதற்குப் பாதி விடை. விபத்தே காணாதவர்களில் 33 சதவீதத்தினருக்குக் கழுத்து வலி இருந்தது. ஆகவே அந்தப் பாதிப்பேரில் பெரும்பங்கு, விபத்து இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு கழுத்து வலியோடு இருந்திருக்கக் கூடியவர்கள். விபத்துக்குப் பின் அந்த வலிக்கு ஒரு பெயரும் திகதியும் கிடைத்துவிடுகின்றன. ஆய்வுகள் அளந்த விதம் வேறு வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றதை அப்படியே கழித்துவிட முடியாது. ஆனால் கழித்து மிஞ்சுவது பூச்சியம் அல்ல. அந்த மிச்சத்தில்தான் நியூகாஸிலின் நோயாளிகள் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காயம் உண்மை. பெரும்பாலான காயம் சிறியது, சில வாரத்தில் ஆறுவது. அதை மாதங்களாக இழுப்பதில் பயத்துக்கும் வழக்குக்கும் நிச்சயமான பங்குண்டு. காயம் இருந்ததா என்பதை முடிவுசெய்ய அந்தப் பங்கு உதவாது. 'காசுக்காக நோகிறது' என்ற வாதத்தை, காசே கிடைக்காத கொழும்பில் கொண்டுவந்து ஒரு ஓட்டோச் சாரதியின் மேல் போடுவது வெறும் இரவல் சந்தேகம். மூன்று வாரத்துக்குப் பிறகும் அவருக்குக் கழுத்து திரும்பவில்லையென்றால், லித்துவேனியாவின் கணக்கே அவர் பக்கம் சாட்சி சொல்கிறது: நட்டஈடு இல்லாத ஊரில் சாதாரணச் சுளுக்கு 17 நாளில் போய்விட வேண்டும். போகாதது சாதாரணமல்ல.

இங்கிலாந்து எதிர்ப்பக்கத்தில் தவறி, இப்போது திருத்தப் பார்க்கிறது. 2021 மே 31 முதல் அங்கே விலைப்பட்டியல் இருக்கிறது: மூன்று மாதத்துக்கு மேற்படாத வலிக்கு அப்போது வைத்த தொகை 240 பவுண், பதினெட்டு முதல் இருபத்து நாலு மாதம் வரையானதற்கு 4,215 பவுண். மருத்துவ அறிக்கை இல்லாமல் பேரம் பேசுவதற்கும் தடை. ஒன்ராறியோவில் 2010 செப்டெம்பரிலிருந்து இத்தகைய சிறு காயங்களின் சிகிச்சைக்கு 3,500 டொலர் உச்சவரம்பு. ஆகவே லண்டன் மருமகனின் 'கிளெய்ம்' பழைய காலத்துக் கதை. அவர் இன்னும் பட்டியலைப் பார்க்கவில்லை போலும். ஆனால் நாள் நீள நீளத் தொகை ஏறும் பட்டியல் வலியின் நீளத்துக்கே விலை வைக்கிறது. சஸ்கச்சுவான் பாடத்தைப் படித்தவர்கள் எழுதியதாக அது தெரியவில்லை.

சிகிச்சையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் சான்றுகள் எளிமையான இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. பாமசியில் வாங்கி வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் மென்கொலர் உதவுவதில்லை. கழுத்தை அசையாமல் வைப்பது இறுக்கத்தை வளர்க்கிறது. வலி மாத்திரையோடு, நோகும் எல்லைவரை மெல்ல அசைத்து, வழக்கமான வேலைக்குத் திரும்புவதே நல்லது. 2013 இல் இங்கிலாந்திலும் 2014 இல் அவுஸ்திரேலியாவிலும் நடந்த பெரிய சோதனைகள், நீண்ட இயன்மருத்துவப் பொதியை ஒரேயொரு நல்ல அறிவுரைச் சந்திப்போடு ஒப்பிட்டன. நீண்ட பயன் ஏறத்தாழச் சமம். பத்துத் தடவை வரச்சொல்லிப் பணம் கட்டச் சொல்பவர்களிடம் இதைக் கேட்கலாம். சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பது மட்டும் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். கழுத்து எலும்புக்குள்ளாக மூளைக்கு ஏறும் இரத்தக்குழாய் கிழிந்தால், அது கழுத்து வலியாக நிற்காது. எண்ணெய் பூசித் தடவும் முறிவு நெரிவு வைத்தியரோடு எனக்குச் சண்டையில்லை. சடாரென்று திருப்புபவரோடு உண்டு.

யார் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதற்கும் நல்ல விதி இருக்கிறது. 2001 இல் கனடாவில் வகுத்த அந்த விதிப்படி, 65 வயதும் அதற்கு மேலும், கை கால் விறைப்பு, வண்டி உருண்டது அல்லது ஆள் தூக்கியெறியப்பட்டது போன்ற பலத்த இடி, இவற்றில் ஒன்றிருந்தாலும் படம் எடுக்க வேண்டும். சாதாரணப் பின்னிடியில் பட்டு, எழுந்து நடந்து, கழுத்தை இரு பக்கமும் 45 பாகை திருப்ப முடிந்தவருக்குப் படம் தேவையில்லை. ஆனால் பாரலொறியோ பஸ்ஸோ இடித்ததை அந்த விதி சாதாரணப் பின்னிடியாக எண்ணுவதில்லை. கொட்டாஞ்சேனைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகச் சட்டம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எல்லா வண்டிக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம், அது உடற்காயத்தையும் சேர்த்துத்தான். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுக் கெடு. இவை ஏட்டில் இருக்கின்றன. நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பொலிஸ் தரும் மருத்துவச் சட்டப் படிவத்தில் சட்ட வைத்திய அதிகாரி எந்தக் கூட்டில் அடையாளமிடுகிறார் என்பது: பாரதூரமான காயமா, இல்லையா. தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவு இதற்குப் பட்டியல் தருகிறது. எலும்பு முறிந்தால் பாரதூரம். பல் உடைந்தால்கூடப் பாரதூரம், அன்றைக்கே. மற்றக் காயங்களுக்குப் பட்டியலின் கடைசி வாசகம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது: 20 நாள் கடும் உடல்வலியில் இருந்தால், அல்லது 20 நாள் தன் வழமையான அலுவலைச் செய்ய முடியாதிருந்தால், அதுவும் பாரதூரம்.

இந்த 20 நாளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டக்காரர் விப்லாஷை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் நான் பார்த்த அளவுகோல்களில், பம்பரையும் எக்ஸ்ரேயையும் இங்கிலாந்தின் விலைப்பட்டியலையும்விட, கழுத்துக் காயத்துக்கு அதிகம் பொருந்துவது இதுதான். அது தகட்டைப் பார்க்கவில்லை, படத்தைக் கேட்கவில்லை. மனிதர் தன் வேலையைச் செய்ய முடிந்ததா என்று கேட்கிறது. லித்துவேனியாவின் 17 நாளுக்குச் சற்று அப்பால் எல்லையை வைத்திருக்கிறது. இந்தியா 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இதை 15 நாளாகக் குறைத்துக்கொண்டது. இந்தக் காயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நம்முடைய பழைய எல்லையே சரி.

பிசகுவது நேரத்தில். காயம்பட்டவரைப் பரிசோதிப்பது முதல் ஓரிரு நாளில். அன்றைக்கு, முறிவற்ற கழுத்தைப் பார்த்து, 'பாரதூரமற்றது' என்பதைத் தவிர எந்த நேர்மையான வைத்தியரும் வேறென்ன எழுதுவார்? இருபதாம் நாள் அவர் கண்முன்னால் இல்லை. நோயாளியும் கொலரோடு வீட்டில் இருக்கிறார், அல்லது அதற்குள் பொலிஸ் நிலையத்தில் 'சமாதானம்' எழுதி பம்பர் காசை வாங்கிவிட்டார். வாசல் திறந்திருக்கிறது, ஆனால் அது திறக்கும் நாளில் யாரும் அங்கு நிற்பதில்லை.

உடைந்த பல்லுக்கு முதல் நாளே கிடைக்கும் தகுதியைக் கழுத்துக்கும் முதல் நாளே கொடுங்கள் என்று கேட்க முடியாது. கவுனாஸ் கணக்குகள் அதற்கு இடம்தராது. சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. முறிவில்லாத கழுத்து நோவோடு வருபவரின் படிவத்தில், 21 ஆம் நாள் மீண்டும் வரவேண்டும் என்று ஒரு திகதியை எழுதி, அதுவரை காயத்தின் தரத்தை வெறுமையாக விட்டால் போதும்.